விளக்கமறியலுக்கு ஒரு மெசேஜ்



இந்தக் கிழமை எபிசோட்டில் அமெரிக்க ஜெயில்களுக்குப் போன் வசதி குடுக்கிற கொம்பனிகளைப் பற்றிக் கதைத்தோம். நேரம் போதாமல் ஒரு முக்கியமான பகுதியை வெட்ட வேண்டி வந்தது. உள்ளே இருக்கிற ஒருவருக்கு, வெளியே இருக்கிற குடும்பம் ஒரு செய்தியை எப்படிச் சேர்க்கிறது? அதைத்தான் இந்த மடலில் எழுதுகிறோம்.

இந்த எபிசோட்டுக்குக் காரணமே ஒரு நேயர் அனுப்பின வொய்ஸ் நோட். பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்தார். அவருடைய அண்ணா முறையான ஒருவர் அமெரிக்காவில் வேலை செய்கிறார். ஒரு வெள்ளி இரவு பொலிஸ் அவரைக் கைது செய்துவிட்டது. சனி காலையில் பெரியப்பாவின் போனுக்கு மூன்று தரம் கோல் வந்திருக்கிறது. மூன்று தரமும் மெஷின் குரல், அதுவும் ஆங்கிலத்தில். பெரியப்பா மூன்று தரமும் கட் பண்ணி, கடைசியில் அந்த நம்பரையே ப்ளொக் பண்ணிவிட்டார். அவரில் பிழை இல்லை. "மெஷின் கதைச்சால் உடன வையுங்கோ, அது கள்ளக் கோல்" என்று அவருக்குச் சொல்லிக் குடுத்ததே பிள்ளைகள்தான். திங்கள் மத்தியானம் வரைக்கும் பிள்ளை எங்கே என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

நாங்கள் ரொறன்ரோவில் இருந்து எழுதினாலும் எல்லைக்கு அந்தப் பக்கம் உறவு இல்லாத தமிழ்க் குடும்பம் குறைவு. இப்படி ஒன்று நடந்தால், ஆங்கிலத்தில் வரும் அறிவிப்பைக் கேட்டு, அக்கவுண்ட் திறந்து, கார்ட் போட்டு, எல்லாத்தையும் அம்மா அப்பாவுக்கு விளங்கப்படுத்தப் போவது வீட்டில் இருக்கிற நாங்கள்தான். அதனால் இந்த மடலைக் கொஞ்சம் ஆறுதலாக வாசியுங்கோ.

சிறை வேறு, விளக்கமறியல் வேறு

ஆங்கிலத்தில் ஜெயில், பிரிசன் என்று இரண்டு சொல் இருக்கிறது. பலர் இரண்டையும் ஒன்றாகத்தான் நினைக்கிறார்கள். எங்கட ஆட்களின் தமிழில் இந்த வித்தியாசம் ஏற்கெனவே இருக்கிறது. தீர்ப்பு வந்த பிறகு போகிற இடம் சிறை. வழக்கு விளங்கி முடியும் வரைக்கும் வைத்திருக்கிறது விளக்கமறியல். இலங்கையில் இருந்து வந்த எந்த அம்மம்மாவிடமும் கேட்டுப் பாருங்கோ, பட்டென்று சொல்லுவா.

அமெரிக்காவில் ஜெயில் என்பது பெரும்பாலும் ஒரு கவுண்டியின் கையில், ஷெரிஃப் நடத்துகிற இடம். அப்படியான உள்ளூர் ஜெயில்கள் ஏறக்குறைய 3,000 இருக்கின்றன. 2022 நடுப்பகுதியில் அந்த நாட்டு நீதித்துறை எடுத்த கணக்கின்படி, ஒரு நாளில் உள்ளே இருந்தவர்கள் 6 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேல். அதில் 10 பேருக்கு 7 பேர் தீர்ப்பு வராதவர்கள். அந்த ஒரு வருடத்தில் 70 லட்சம் தடவைக்கு மேல் ஆட்களை உள்ளே எடுத்திருக்கிறார்கள். அனேகமானோர் கொஞ்ச நாளில் வெளியே வந்துவிடுகிறார்கள்.

அந்தக் கொஞ்ச நாள்தான் பிரச்சினை. வேலைக்கு ஏன் வரவில்லை என்று யாராவது சொல்லவேணும். பிணைக்குக் காசு பிரட்டவேணும். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் இருந்து கூட்டிக்கொண்டு வரவேணும். இன்சுலின் எடுக்கிறவர் என்றால் அது உள்ளே இருக்கிற நேர்ஸுக்குத் தெரியவேணும். ஒரு செய்தி இரண்டு நாள் பிந்தினால் ஒரு வேலை போகலாம், வீட்டு வாடகை நிற்கலாம். இத்தனைக்கும் சட்டப்படி அவர் இன்னும் குற்றவாளி இல்லை.

முதலில் ஆள் எங்கே?

உள்ளே இருக்கிறவருக்கு நீங்கள் கோல் எடுக்க ஏலாது. அவர்தான் எடுக்கவேணும். அவருடைய போனை வாங்கி வைத்திருப்பார்கள் என்பதால், மனப்பாடமாகத் தெரிந்த நம்பருக்குத்தான் எடுப்பார். இன்றைக்கு எத்தனை நம்பர் உங்களுக்கு மனப்பாடம்? அனேகமாக அம்மாவின் நம்பர் ஒன்று, அல்லது பழைய வீட்டு நம்பர்.

கோல் வராவிட்டால் நீங்கள்தான் தேடவேணும். பல ஷெரிஃப் அலுவலகங்களின் இணையதளத்தில் உள்ளே இருப்பவர்களின் பட்டியல் இருக்கும். அங்கே கிடைக்கிற புக்கிங் நம்பரை எழுதி வையுங்கோ, இனி எல்லாத்துக்கும் அதுதான் சாவி. எங்கட பெயர்கள் அங்கே குழம்பிப் போவது வழக்கம். அப்பாவின் பெயர் குடும்பப் பெயராகப் பதிவாகியிருக்கலாம், நீளப் பெயர் பாதியில் வெட்டுப்பட்டிருக்கலாம். பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டலில் ஒரு தரம், முன்பின்னாக மாற்றி ஒரு தரம், முதல் நாலு எழுத்தை மட்டும் போட்டு ஒரு தரம் தேடுங்கோ.

வைன் என்று ஒரு சேவையும் இருக்கிறது. கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரத்தில் 1993 டிசம்பரில் மேரி பைரன் என்ற இளம்பெண்ணை, அவரைத் தாக்கியதற்காக அடைபட்டிருந்த ஆள் வெளியே வந்து கொன்றான். அவன் வெளியே வந்தது அவருக்கு யாருமே சொல்லவில்லை. அதற்குப் பிறகு, ஒருவர் விடுதலையானால் பாதிக்கப்பட்டவருக்குத் தானாகவே அறிவிக்கிற முறையாக அடுத்த வருடமே வைன் வந்தது. இன்றைக்குப் பல மாநிலங்களில் அதில் தேடினால் ஒருவர் எந்த ஜெயிலில் இருக்கிறார் என்று பார்க்கலாம். குடும்பங்களும் பாவிக்கின்றன.

குடிவரவுத் துறை பிடித்த ஆட்களையும் சில கவுண்டி ஜெயில்களில் வைத்திருப்பார்கள். அவர்களைத் தேடுகிற பக்கம் வேறு. அதில் 'ஏ நம்பர்' என்கிற குடிவரவுக் கோப்பு எண்ணையும் பிறந்த நாட்டையும் போட்டுத் தேடலாம். அகதிக் கோரிக்கை போட்ட உறவு யாராவது அங்கே இருந்தால், அந்த நம்பரின் ஒரு பிரதி வீட்டில் இருக்கட்டும்.

மெஷின் குரலுக்குப் பின்னால்

ஜெயிலில் இருந்து வருகிற கோலில் முதலில் பதிவு செய்த குரல்தான் வரும். எந்த ஜெயில், யார் எடுக்கிறார், இந்தக் கோல் பதிவாகும் என்று சொல்லி, ஏற்றுக்கொள்ள ஒரு பட்டனை அழுத்தச் சொல்லும். பெரும்பாலும் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும்தான். அழைப்பவரின் பெயர் அவருடைய சொந்தக் குரலில் ஒரு செக்கன் வரும். அந்த ஒரு செக்கனுக்குக் காதைக் குடுக்கச் சொல்லி வீட்டில் சொல்லுங்கோ. வொய்ஸ்மெயிலில் விட்டுவிட்டுப் போகிற வசதி அவருக்கு இல்லை. கோல் வழமையாக 15 அல்லது 20 நிமிடத்தில் தானாகவே அறுந்துவிடும்.

இன்னொன்று. யாழ்ப்பாணத்தில் இருக்கிற அம்மாவையும் சேர்த்துக் கதைப்பம் என்று கொன்பரன்ஸ் போடாதையுங்கோ. மூன்றாவது ஆள் சேர்வதைக் கண்டுபிடிக்கிற மென்பொருள் இந்தக் கோல்களில் ஓடுகிறது. கண்டால் கோலை வெட்டிவிடும், சில இடங்களில் உள்ளே இருக்கிறவருக்குத் தண்டனையும் கிடைக்கும்.

இனிக் காசு. செக்யூரஸ், வயாபாத் என்ற இரண்டு கொம்பனிகள்தான் இந்தச் சந்தையின் பெரும்பகுதியைப் பிடித்து வைத்திருக்கின்றன. வயாபாத்தின் பழைய பெயர் ஜி.டி.எல். ஒரு கவுண்டி டெண்டர் கூப்பிடும்போது, குறைந்த விலைக்குத் தருகிற கொம்பனிக்குத்தான் ஒப்பந்தம் போகும் என்று நினைப்பீர்கள். பல வருடங்களாக நடந்தது அதற்கு எதிர். கோல் காசில் கவுண்டிக்குக் கூடப் பங்கு தருகிற கொம்பனிக்குத்தான் ஒப்பந்தம். தெரிவு செய்கிறது கவுண்டி, காசு கட்டுகிறது குடும்பம். வேறு கொம்பனிக்கு மாறவும் குடும்பத்துக்கு வழியில்லை.

இதை எதிர்த்து முதலில் நின்றவர்களில் ஒருவர் வாஷிங்டன் டி.சி.யில் இருந்த மார்த்தா ரைட். இளைப்பாறிய நேர்ஸ், ஒரு பேரனின் அம்மம்மா. பேரன் சிறையில். அவருக்குக் கண் பார்வை இல்லை, கடிதம் எழுதவோ வாசிக்கவோ ஏலாது. போன் ஒன்றுதான் வழி, அந்தப் பில் அவருக்குக் கட்டுப்படியாகவில்லை. 2000-இல் மற்றக் குடும்பங்களோடு சேர்ந்து வழக்குப் போட்டார். நீதிமன்றம் அதைத் தொலைத்தொடர்பு ஆணையத்திடம் போகச் சொன்னது. 2003-இல் அங்கே மனுக் குடுத்தார். ஆணையம் மாநிலங்களுக்கு இடையிலான கோல் விலைக்குக் கட்டுப்பாடு வைக்க வாக்களித்தது 2013-இல். 2015-இல் மார்த்தா ரைட் இறந்துபோனார். மாநிலத்துக்கு உள்ளே எடுக்கிற கோல்களுக்கு வைத்த கட்டுப்பாட்டை 2017-இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கடைசியில் அவருடைய பெயரைத் தாங்கிய சட்டம் 2023 ஜனவரியில் கையெழுத்தானது.

அந்தச் சட்டத்தின் கீழ் 2024 ஜூலையில் ஆணையம் புது விலை போட்டது. பெரிய ஜெயில்களில் 15 நிமிடக் கோல் 11.35 டொலர் வரை போனது 90 சதத்துக்கு இறங்கும் என்று அறிவித்தது. கவுண்டிகளுக்குப் பங்கு குடுக்கிறதையும் தடை செய்தது. ஆனால் 2025 ஜூனில் அதே ஆணையம் நடைமுறையைத் தள்ளிப்போட்டு, ஒக்டோபரில் உச்ச விலைகளைக் கூட்டிவிட்டது. ஆகவே பழைய செய்தியில் வாசித்த விலையை நம்பாமல், அந்த ஜெயிலின் இன்றைய விலையைப் பாருங்கோ.

முற்றாக இலவசமாக்கின இடங்களும் இருக்கின்றன. நியூயோர்க் நகரம் 2019-இல் தன் ஜெயில் கோல்களை இலவசமாக்கியது. அடுத்த வருடம் சான் பிரான்சிஸ்கோ. 2023 டிசம்பரில் இருந்து மாசச்சூசெட்ஸ் மாநிலம் முழுக்க, கவுண்டி ஜெயில்களும் சேர்த்து.

மெசேஜுக்கு முத்திரை

இப்போது பல ஜெயில்களில் கைதிகளுக்கு டப்லெட் குடுக்கிறார்கள். நீங்கள் செயலியில் எழுதினால், அவர் அதில் வாசிப்பார். ஈமெயில் மாதிரி இருக்கும், ஆனால் ஈமெயில் இல்லை. ஒவ்வொரு மெசேஜுக்கும் 'ஸ்டாம்ப்' வாங்கவேணும். படம் சேர்த்தால் இன்னொரு ஸ்டாம்ப், அவர் பதில் போடவும் ஸ்டாம்ப். மாநிலச் சிறைகளில் ஒரு மெசேஜுக்கு ஒன்றும் எடுக்காத இடமும் உண்டு, 50 சதம் எடுக்கிற இடமும் உண்டு. ஜெயில்களில் விலை கவுண்டிக்குக் கவுண்டி மாறும்.

கவனிக்கவேண்டிய விஷயம், மார்த்தா ரைட் சட்டம் குரலுக்கும் வீடியோவுக்கும்தான். எழுத்து மெசேஜ் அதற்குள் வராது. கோல் விலைக்கு வரம்பு வந்தாலும் மெசேஜ் விலைக்கு ஒரு வரம்பும் இல்லை. டப்லெட்டை 'இலவசமாக' குடுக்கிற கொம்பனிக்கு வருமானம் எங்கே இருந்து வருகிறது என்று இப்போது விளங்கும்.

அனுப்பின உடனே அவருக்குப் போய்ச் சேரும் என்றும் இல்லை. மென்பொருளோ ஒரு அலுவலரோ பார்த்து விட்ட பிறகுதான் போகும். சில மணித்தியாலமும் ஆகலாம், சில நாளும் ஆகலாம்.

"தமிழில எழுதலாமோ?" என்று நேயர் கேட்டிருந்தார். தமிழ் வாசிக்கத் தெரிந்த அலுவலர் அங்கே இருக்கச் சந்தர்ப்பம் குறைவு. ஆகவே முதல் மெசேஜ் எளிய ஆங்கிலத்தில் போகட்டும். பிறகு ஜெயிலுக்கு போன் பண்ணிக் கேட்டுவிட்டுத் தமிழில் எழுதுங்கோ. வட்ஸ்அப்பில் எழுதுகிற மாதிரித் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவது வேண்டாம். தெரியாத ஆளுக்கு அது ரகசியக் குறி மாதிரித் தெரியலாம்.

கடிதம் போகிற ஊர் வேறு

முன்பு கடிதம்தான் மலிவான வழி. முத்திரைக் காசு மட்டும். 2007-இல் அரிசோனாவின் மரிகோப்பா கவுண்டியில் ஷெரிஃப் ஜோ ஆர்பாயோ, தபாலட்டை மட்டும்தான் அனுப்பலாம் என்று கொண்டுவந்தார். மற்றக் கவுண்டிகளும் பின்பற்றின. ஓரிகன் மாநிலத்தின் கொலம்பியா கவுண்டியில் இருந்த அப்படியான விதியை, அது பேச்சுச் சுதந்திரத்துக்கு எதிரானது என்று 2013-இல் ஒரு மத்திய நீதிபதி நிறுத்தினார்.

இப்போதைய முறை ஸ்கேன். ஸ்மார்ட் கம்யூனிக்கேஷன்ஸ் என்ற புளோரிடா கொம்பனி இதில் முன்னுக்கு நிற்கிறது. நீங்கள் கடிதத்தை ஜெயிலுக்கு அனுப்புவதில்லை, கொம்பனியின் தபால் பெட்டிக்கு அனுப்புகிறீர்கள். அங்கே திறந்து ஸ்கேன் பண்ணி, டப்லெட்டில் காட்டுகிறார்கள். பென்சில்வேனியா தன் மாநிலச் சிறைகளின் தபாலை 2018-இல் இப்படி மாற்றியது. போதைப்பொருள் தடவிய கடதாசி உள்ளே வருவதைத் தடுக்க என்று காரணம் சொன்னார்கள்.

கலிபோர்னியாவின் சான் மட்டேயோ கவுண்டி ஜெயிலில் இந்த முறை 2021-இல் வந்தது. இதை எதிர்த்து 2023 மார்ச்சில் எலக்ட்ரோனிக் ஃப்ரொண்டியர் ஃபவுண்டேஷனும் வேறு சில அமைப்புகளும் வழக்குப் போட்டன. மூலக் கடிதத்தை அழித்துவிடுகிறார்கள், டிஜிட்டல் பிரதியை மட்டும் குறைந்தது 7 வருடம் வைத்திருக்கிறார்கள், அவர் விடுதலையானாலும் அது அழியாது என்பது அவர்களுடைய முறைப்பாடு. மகள் வரைந்த படம் அப்பாவின் கையில் கடதாசியாகக் கிடைப்பதில்லை. பலர் பாவிக்கிற ஒரு திரையில், தனக்கு முறை வரும்போது பார்க்கிறார். அம்மாவின் கையெழுத்தைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொள்ளவும் ஏலாது.

நேரில் போய்ப் பார்ப்பதும் பல இடங்களில் இல்லாமல் போய்விட்டது. அதற்குப் பதில் காசு கட்டிப் பார்க்கிற வீடியோ வந்தது. மிச்சிகனின் ஜெனசீ, செயின்ட் கிளேர் என்ற இரண்டு கவுண்டிகளுக்கு எதிராக 2024 மார்ச்சில் பிள்ளைகளும் பெற்றோரும் வழக்குப் போட்டார்கள். தங்கள் ஆட்களை நேரில் பார்க்க உரிமை வேணும் என்பதுதான் அவர்கள் கேட்டது.

கேட்டுக்கொண்டு இருக்கிற மூன்றாவது ஆள்

தமிழில் கதைத்தால் அவர்களுக்கு விளங்காது என்று எங்கட வீடுகளில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அதை இன்றைக்கே விடுங்கோ. கோல் பதிவாகிறது. அரச தரப்புச் சட்டத்தரணிக்குத் தேவைப்பட்டால் ஆறு மாதம் கழித்தும் அதை எடுத்து மொழிபெயர்க்கலாம். "அண்டைக்கு நீ ஏன் அங்க போனாய்?" என்று பதறிக் கேட்கிற அம்மாவுக்குப் பிள்ளை சொல்லுகிற பதில் நீதிமன்றத்தில் ஒலிக்கலாம்.

2015-இல் இன்டர்செப்ட் என்ற செய்தித் தளத்துக்கு ஒரு பெரிய கசிவு கிடைத்தது. செக்யூரஸ் வழியாகப் போன 70 மில்லியன் கோல்களின் பதிவு விபரங்கள் அதில் இருந்தன. அவற்றில் குறைந்தது 14,000 கோல்கள் சட்டத்தரணிகளின் நம்பர்களுக்குப் போனவை. சட்டத்தரணியோடு கதைப்பது ரகசியமாக இருக்கவேண்டியது. வெரஸ் என்று இன்னொரு மென்பொருள் இருக்கிறது. அது ஜெயில் கோல்களை அமேசானின் தொழில்நுட்பத்தால் எழுத்தாக மாற்றி, குறிப்பிட்ட சொற்களைத் தேடும். நியூயோர்க் மாநிலத்தின் சஃபோக் கவுண்டி ஜெயில் அதைப் பாவித்திருக்கிறது. முன்பு பதிவு இருந்தாலும் எல்லாத்தையும் கேட்க ஆட்கள் இல்லை. இப்போது கேட்பதற்கு ஆள் தேவையில்லை.

கனடாவில்?

இங்கே இது மாகாண அரசின் வேலை. ஒன்ராறியோ ஜெயில்களிலும் பெரும்பான்மை விளக்கமறியல் ஆட்கள்தான். 2020-இல் போன் ஒப்பந்தம் வேறு கொம்பனிக்கு மாறும் வரைக்கும், உள்ளே இருந்து லேண்ட்லைனுக்கு மட்டும்தான் கலெக்ட் கோல் எடுக்கலாம், மொபைலுக்கு ஏலாது. லேண்ட்லைன் இல்லாத வீட்டுக்கு வழியே இல்லை.

தீர்ப்பு இல்லாமல் உள்ளே இருப்பது எங்கட சனத்துக்குப் புதிதும் இல்லை. 2010 ஓகஸ்டில் எம்.வி. சன் சீ கப்பலில் 492 பேர் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு வந்தபோது, ஆண்களைப் பெரும்பாலும் மேப்பிள் ரிட்ஜில் இருக்கிற மாகாணச் சிறையில்தான் வைத்தார்கள். தண்டனையாக இல்லை, ஆளடையாளம் சோதித்து முடிக்க. அந்தக் காலத்தில் ஒரு போன் கோலுக்காகக் காத்திருந்த வீடுகள் ரொறன்ரோவிலும் இருந்தன.

செய்யவேண்டியது

1. இந்தக் கிழமையே அம்மா அப்பாவுக்குச் சொல்லுங்கோ: மெஷின் குரல் ஒரு ஜெயிலின் பெயரையும் எங்கட ஆளின் பெயரையும் சொன்னால் உடனே வைக்கவேண்டாம், ப்ளொக் பண்ணவும் வேண்டாம். அதே நேரம், "உங்கட மகன் ஜெயிலில், உடன காசு அனுப்புங்கோ" என்று ஒரு மனிதன் கதைத்தால் அது கள்ளக் கோலாக இருக்கலாம். வைத்துவிட்டு, ஜெயிலின் இணையதளத்தில் இருக்கிற நம்பருக்கு நீங்களே எடுத்துக் கேளுங்கோ.

2. வீட்டில் எல்லாரும் இரண்டு நம்பரை மனப்பாடம் பண்ணுங்கோ.

3. மருந்து விஷயம் என்றால் மெசேஜை நம்பவேண்டாம். ஜெயிலுக்கு நேரே போன் பண்ணி, மருத்துவப் பிரிவுக்கு மருந்தின் பெயரையும் அளவையும் சொல்லுங்கோ. அவர்கள் உங்களுக்கு ஒரு விபரமும் சொல்லமாட்டார்கள். ஆனால் நீங்கள் சொல்வதைக் கேட்கலாம். யாரோடு எத்தனை மணிக்குக் கதைத்தீர்கள் என்று குறித்து வையுங்கோ.

4. வழக்குப் பற்றின செய்தி சட்டத்தரணி வழியாக மட்டும். பதிவு செய்யாத நம்பராகத் தன் நம்பர் பதியப்பட்டிருக்கிறதா என்று அவரையே பார்க்கச் சொல்லுங்கோ.

5. காசு போடுவதற்கு முன் அந்த ஜெயிலுக்கு எந்தக் கொம்பனி என்று ஷெரிஃப் அலுவலகப் பக்கத்திலேயே பாருங்கோ. போன், மெசேஜ், கடைச் சாமான் மூன்றுக்கும் வேறு வேறு கணக்கு இருக்கலாம். முதல் தரம் சின்னத் தொகை போடுங்கோ, அவர் நாளைக்கே வெளியே வரலாம்.

6. கடிதத்தில் முழுப் பெயர், புக்கிங் நம்பர், உங்கட முகவரி மூன்றும் வேணும். ஸ்டிக்கர், மினுமினுப்பு, ஸ்டேப்பிள் வேண்டாம். ஒரே ஒரு பிரதி இருக்கிற படத்தை அனுப்பவேண்டாம்.

முதல் மெசேஜில் என்ன எழுதுகிறது என்று தெரியாமல் அந்த நேயர் அரை மணித்தியாலம் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தாராம். கடைசியில் அனுப்பினது இவ்வளவுதான்: "அம்மாவுக்குச் சொல்லிட்டம், அவ சுகம். சட்டத்தரணி பிடிச்சாச்சு. வேலை இடத்துக்கும் சொல்லியாச்சு. வழக்கைப் பற்றி ஒருத்தரோடயும் கதைக்காதை. பூனைக்குச் சாப்பாடு வைக்கிறம்." அதை ஆங்கிலத்தில் எழுதினார். உள்ளே இருக்கிறவருக்கு அந்த நேரம் தெரியவேண்டியது எல்லாம் அதில் இருக்கிறது.

அடுத்த கிழமை எபிசோட்டில் வேறு கதை. உங்கட வீட்டிலும் இப்படி ஒன்று நடந்திருந்தால், இந்த மடலுக்கே பதில் போடுங்கோ. பெயர் போடமாட்டோம்.

அதுவரை, அம்மாவுக்கு ஒரு கோல் எடுங்கோ.